வைக்கோல் மாமாவின் கடைசிக் காட்சி

தம்பி,

நீ திருத்தி அனுப்பிய உன் கல்யாண அழைப்பிதழ் புரூஃப் நேற்று மதியம் கூரியரில் வந்தது. பெரியப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். உறையைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு உன் அப்பாவின் பெயர் இருந்த வரிக்கு வந்தார். அந்தப் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இருந்த 'லேட்' என்ற ஒரே ஒரு சொல்லை நீ நீல மையால் அடித்திருந்தாய். பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. முகூர்த்த நேரத்தில் ஒரு பிழை இருந்தது, அது உன் கண்ணில் படவே இல்லை. பெரியப்பா அப்போதே உனக்குப் போன் போட்டார். அவருக்குக் காது மந்தம் என்பதால் எல்லாப் பேச்சையும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

"ஏலே, இத எதுக்குடா அடிச்ச?"

"வேணாம் பெரியப்பா."

"வேணாமுன்னா? முன்னாடி ஒண்ணும் போடலைன்னா ஆளு உசுரோட இருக்காருன்னு அர்த்தம். பொண்ணு வீட்டுச் சனம் மணவறையில தேடாதா? நான் எங்கன போயி யாரக் கூட்டியாந்து உக்கார வைக்க?"

நீ, "தெரியாம எப்புடிப் பெரியப்பா போடுறது?" என்றாய்.

"என்னத்தடா தெரியாம? நீதானடா கொள்ளி வச்ச!" என்று அவர் கத்தினார். அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கிறுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வயலுக்குப் போனார். நீ சொன்ன 'தெரியாம' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். நான்தான் அதை உன் தலைக்குள் வைத்தேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் 'சரிம்மா, சரிம்மா' என்று என்னைச் சமாதானம் செய்து வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் செய்யாதே.

போன மாதம் உன் அறைக்கு வெள்ளையடிக்க அலமாரியை ஒழித்தபோது, பழைய கல்லூரிப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு பொம்மைப் படத்தின் டிஸ்க் கிடைத்தது. அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நம் வைக்கோல் மாமா. பெங்களூரில் எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கி வந்து இங்கே வைத்திருக்கிறாய். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள் கிழிபடவில்லை. அன்றைக்கு நானும் பிரிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சின்ன வயதில் அத்தனை ஆசையாகப் பார்த்த படத்தை வாங்கியும் ஏன் பார்க்காமல் வைத்திருக்கிறாய் என்று யோசித்தேன், ஆனால் ரொம்ப யோசிக்கவில்லை. உன் விஷயத்தில் எனக்கு அது பழகிப்போன ஒன்று, யோசிக்கத் தொடங்குவேன், பயம் வந்ததும் நிறுத்திக்கொள்வேன். நேற்று பெரியப்பா வயலுக்குப் போன பிறகு அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் பழசைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நம் பக்கத்தில் டிவியில் மதுரையும் சென்னையும் எடுக்காத காலம் அது. உச்சிப்புளியில் டிவி இருந்த வீடுகளிலெல்லாம் ஆன்டெனா இலங்கையைப் பார்த்துத்தான் நிற்கும். பள்ளி விடுமுறையில் காலை நேரத்தில் அங்கிருந்து பொம்மைப் படம் போடுவார்கள். எந்த நாட்டில் எடுத்ததாக இருந்தாலும் சிங்களத்தில் பேசும். நமக்கு ஒரு வார்த்தை விளங்காது. நான் பி.ஏ. படித்தவள் என்பதால் உன் அப்பாவுக்கு என்மேல் பெரிய நம்பிக்கை. "நீ படிச்சவதான, அவன் என்ன சொல்லுறான்னு சொல்லு" என்பார். நானும் உதட்டசைவையும் கையசைவையும் பார்த்து வாய்க்கு வந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். கட்டையால் செய்த நீள மூக்குப் பையனுக்குக் கட்டை மூக்கன் என்று பெயர் வைத்தோம். அவனோடு வரும் வைக்கோல் அடைத்த உயரமான ஆள், வைக்கோல் மாமா. ஊர் முழுக்கப் பனியைக் கொட்டும் ஒரு கிழவி வருவாள். நீ பனியைப் பார்த்ததில்லை. "யம்மா, உப்பு!" என்று எழுந்து நின்றுவிட்டாய். உன் அப்பா தலையை ஆட்டி, "எம்புட்டு உப்பு, அள்ள ஆளில்லாமக் கெடக்கு பாரு" என்றார். அன்றிலிருந்து அவள் உப்புக்கிழவி.

படத்தின் கடைசியில் கட்டை மூக்கன் குளிரில் விறைத்துச் சாகப் போகிறான். வீட்டில் எரிக்க ஒரு சுள்ளி இல்லை. வைக்கோல் மாமா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே கால் வைக்கிறார். அந்த இடத்தில் காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டது. உன் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். மேலேயிருந்து கத்துவார், நீ ஜன்னலில் நின்று பதில் கத்துவாய்.

"தெரியுதாடா?"

"கோடு கோடா வருதுப்பா!"

"இப்ப? மூஞ்சி தெரியுதான்னு உங்கம்மாவக் கேளு!"

"ரெண்டு மூஞ்சி தெரியுதாம்!"

"ரெண்டுல ஒண்ணப் பாக்கச் சொல்லு!"

படம் தெளிவாக வந்தபோது ஒரு பெண் உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். நீ தரையில் புரண்டு அழுதாய். அடுத்த வருடம் அதே படத்தைத் திரும்பப் போட்டார்கள். அப்போது மிகச் சரியாக அதே இடத்தில் கரண்ட் போனது. ஆக இரண்டு முறை பார்த்தும் நாம் மூன்று பேரும் அந்தப் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்க்கவில்லை. உனக்குச் சோறு இறங்கவில்லை என்பதற்காக நான் ஒரு முடிவு சொன்னேன். அடுப்புச் சாம்பல் அசைந்ததாம், அதற்குள்ளிருந்து ஒரு கை வந்ததாம், புது வைக்கோலும் புதுச் சட்டையுமாக மாமா எழுந்து உட்கார்ந்தாராம். நீ கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தாய். எஞ்சின் எண்ணெயைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த உன் அப்பா அங்கிருந்தே, "எரிஞ்ச வைக்கோலு எங்கயாச்சும் திரும்ப வருமா? படிச்சவ பேசுற பேச்சா இது?" என்று சிரித்தார். பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா என்று நான் அவரிடம் கோபித்துக்கொண்டேன். பிறகு எத்தனையோ நாள் நீ அந்த முடிவை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாய். ஒவ்வொரு முறையும் நான் ஒரு சின்ன அலங்காரம் சேர்த்தேன். எனக்கே அது பிடித்துப்போயிருந்தது.

அப்பா கடல்காரர் இல்லை. நிலத்தைப் பார்த்த குடும்பத்தில் பிறந்து, கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பழகி, அதிலிருந்து படகு எஞ்சினுக்கு வந்தவர். உனக்கு எட்டு வயது நடந்த அந்தக் கார்த்திகையில் மண்டபத்தில் ஒரு படகுக்கு எஞ்சின் பிரித்துப் பூட்டினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவரும் சேர்ந்து நான்கு பேர் போனார்கள். பொழுது சாயும் நேரம் காற்று மாறியது. மூன்றாம் நாள் படகு புதுமடம் பக்கம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. இரண்டு பேருடைய உடல் கிடைத்தது. படகை ஓட்டியவர் ஒரு டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து உயிரோடு வந்து சேர்ந்தார். உன் அப்பா கிடைக்கவில்லை. இலங்கைப் பக்கம் அந்தக் கரையில் ஏறியிருப்பார், யாராவது பிடித்து வைத்திருப்பார்கள், காகிதம் சரியானதும் விடுவார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் யாரையும் மறுக்கவில்லை. எட்டு மாதம் அப்படியே போனது.

ஆடி அமாவாசைக்குச் சொந்தக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து எரிப்பது நம் வழக்கம். முற்றத்தில் பாய் விரித்துச் செய்தார்கள். தர்ப்பையைக் கட்டுக்கட்டாக வைத்துக் கை, கால், உடம்பு. தலைக்கு ஒரு தேங்காய். மேலே உன் அப்பாவின் வேட்டியைச் சுற்றி, நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போர்த்தினார்கள். நீ பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தாய். பிறகு என் காதருகே வந்து, "வைக்கோல் மாமாம்மா" என்றாய். உன் முகத்தில் பயமே இல்லை. அதற்கு நீதான் தீ வைக்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னதும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாய். அவர் குனிந்து உன் காலைப் பிடித்து இழுத்தார், நீ அவர் கையைக் கடித்தாய். வெளியே எல்லாரும் காத்திருந்தார்கள். "நீ சொன்னாத்தான் தாயி கேப்பான்" என்று அவர் என்னிடம் வந்தார்.

நான் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து வந்தேன். நாம் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"வைக்கோல் மாமா எங்க போனாரு?"

"அடுப்புக்குள்ள."

"அப்புறம்?"

"எரிஞ்சாரு."

"அப்புறம்?"

நீ என்னையே பார்த்தாய். "வந்துட்டாரு" என்றாய். பிறகு, "நெசமாவாம்மா? அப்பாவும் வருவாரா?"

"நெசமாத்தான்" என்றேன்.

நீ என் சேலையைப் பிடித்துக்கொள்ளாமல், தானாகவே வெளியே நடந்து போனாய். பிள்ளைக்கு என்ன தைரியம் என்று முற்றத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது, அதனால் அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நீ மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக, எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தாய். சிரித்துக்கொண்டு வந்தாய் தம்பி. "வச்சுட்டேம்மா! நல்லா எரிஞ்சுச்சு!" என்றாய். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். நல்ல செய்தி சொன்னால் இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்பதுபோல நீ ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாய். அதற்குப் பிறகு அவர்கள் எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

எத்தனை நாளாகும் என்று கேட்டாய். கொஞ்ச நாள் என்றேன். பத்து நாள் கழித்து, படத்தில் உடனே வந்துவிட்டாரே என்று கேட்டாய். "படத்துல எல்லாத்தையும் சீக்கிரமா ஓட்டிருவாங்கடா" என்று சொன்னேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. எனக்கு மண்டபத்துப் பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்து, உன்னையும் அங்கே சேர்த்தபோது, சேர்க்கைப் படிவத்தில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதினேன். நீ எழுத்துக்கூட்டிப் படித்தாய். "லேட்டா வருவாருன்னு போட்டிருக்கியாம்மா?" என்றாய். பக்கத்து மேசையில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அது வேறு லேட், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இது, என்று அந்த நிமிடம் நான் சொல்லியிருக்கலாம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா, வா போகலாம்" என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் நீ கேட்பதை நிறுத்தினாய். தானாகப் புரிந்துகொண்டான், வளர்ந்துவிட்டான் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை உனக்குச் சொல்லிவைக்க வேண்டும், நாளைக்கு உனக்கும் குழந்தைகள் வரும். ஒரு பிள்ளை கேட்பதை நிறுத்தினால் அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான் பதினைந்து வருடத்தைக் கடத்தினேன். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வா என்று கேட்பேன், உனக்குத் தேர்வு இருக்கும், பிறகு லீவு இருக்காது. உச்சிப்புளி வீட்டை விட்டு மண்டபத்துக்கே போய்விடலாம், எனக்குப் பஸ் ஏறுகிற வேலை மிச்சம் என்றபோது, "வீட்ட மாத்தாதம்மா" என்று மட்டும் சொன்னாய். வெளிநாட்டில் வேலை வந்ததை வேண்டாம் என்றாய், அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று சொன்னதாகத் தெருவெல்லாம் நான் பெருமை பேசினேன். இப்போது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். திரும்பி வரும்போது வீடு தெரியாமல் அப்பா எங்கேயாவது போய் நின்றுவிடக் கூடாது என்று நீ நினைத்திருக்கிறாய்.

நேற்று அந்தப் படத்தைப் பார்த்தேன். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வைக்கோல் மாமாவின் சட்டை மஞ்சள் என்று நானும், இல்லை சிவப்பு என்று நீயும் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம்? பச்சை. நம் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி என்பதே நம் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருக்கிறது. அவர் நான் நினைத்த அளவு உயரமும் இல்லை. கட்டை மூக்கன் கையைத் தூக்கும்போது நூல் பளபளவென்று தெரிகிறது, ஓர் இடத்தில் யாரோ ஒருவருடைய விரலின் நிழல்கூடப் பனிமேல் விழுகிறது. பனி வெறும் பஞ்சு. கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளைப் படித்துக்கொண்டே போனால், நான் உங்களுக்குச் சொன்ன கதை முக்கால்வாசி தப்பு. அவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று நான் சொன்ன இடத்தில் கேலி பேசிக்கொண்டிருக்கிறார்கள். உப்புக்கிழவி கெட்டவளே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வருவது அவள் வேலை, வருகிறாள். இதையெல்லாம் உன் அப்பாவிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அடுப்பு வந்துவிட்டது.

கால் வைக்கிறார். காற்றும் அடிக்கவில்லை, கரண்டும் போகவில்லை. முழுதாக எரிகிறார். அவர்கள் அதை மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைச் சட்டை சுருங்கி, கடைசியில் இரண்டு பொத்தான்கள் மிஞ்சுகின்றன. கட்டை மூக்கனுக்குக் கையும் காலும் அசையத் தொடங்குகின்றன. வெயில் காலம் வருகிறது. ஊரார் வந்து எங்கே உன் கூட்டாளி என்று கேட்கிறார்கள். எரிந்துவிட்டார் என்கிறான். ஒரு சின்னப் பெண் பொம்மை, திரும்பி வருவாரா என்று கேட்கிறது. வர மாட்டார் என்று சொல்லிவிட்டு, அவன் அடுப்பைக் கூட்டிச் சுத்தம் செய்கிறான். அவ்வளவுதான் படம். திரும்ப ஓட்டி அந்த இடத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். ஏதோ ஒரு குளிர் நாட்டில், ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்காக எடுத்த படம். அந்தப் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல முடிந்திருக்கிறது. அவர்களும் கேட்டுவிட்டு, அழுதுவிட்டு, சாப்பிடப் போயிருப்பார்கள்.

சாயங்காலம் பெரியப்பா காபி குடிக்க வந்தார். கோபம் தணிந்திருந்தது. பழைய பேச்சை அவராகவே எடுத்தார். "அன்னிக்கே அவன் கூத்துதான் தாயி. கொள்ளி வச்சவன் திரும்பிப் பாக்காம வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுறேன், நாலு எட்டுக்கு ஒருக்காத் திரும்புறான். தலைய ரெண்டு கையாலயும் புடிச்சு நேரா வச்சுக் கூட்டியாந்தேன். 'பாத்தா என்ன ஆகும் பெரியப்பா'ங்கறான். 'பாத்தாப் போனவுக வழி கெட்டுப் போகும்டா'ன்னு அதட்டுனேன். அப்பயும் சுடுகாட்டு வாசல்கிட்ட வந்து ஒருக்காத் திரும்பிட்டான்ல!" அவருக்கு அது இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் நீ மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தட்டைப் பார்த்தபடியே, "அம்மா, அன்னிக்கு நான் திரும்பிப் பாத்துட்டேன்" என்றாய். என்றைக்கு என்று கேட்டேன். "அன்னிக்குத்தான்" என்றாய். பள்ளியில் ஏதோ சண்டை என்று நினைத்தேன். "பாத்தா பாத்துட்டுப் போ, சாப்புடு" என்றேன். நீ சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாய். அதற்குப் பிறகுதான் நீ அப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எழுந்து வருவார் என்று நான் சொல்லி அனுப்பிய பிள்ளை திரும்பிப் பார்க்காமல் எப்படி வருவான்? பார்த்தால் வழி கெடும் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அப்பா வரவும் இல்லை. இரண்டையும் சேர்த்து நீ ஒரு கணக்குப் போட்டிருக்கிறாய். அந்தக் கணக்கோடு எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை எங்கள் நடுவில் நடமாடியிருக்கிறாய்.

இப்போது, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். படகிலிருந்து உயிரோடு வந்தவர் தங்கச்சிமடத்துக்காரர், அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. போலீஸிலும் ஊராரிடமும் இருட்டில் எதுவும் தெரியவில்லை என்றுதான் சொன்னார். பத்தாம் நாள் நம் வீட்டுக்கு வந்தார். நீ பள்ளிக்குப் போயிருந்தாய். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, அண்ணன் கையை நாந்தான் புடிச்சிருந்தேன். ரொம்ப நேரம் புடிச்சிருந்தேன். கை மரத்துப் போச்சு. அண்ணனா விட்டுச்சா, நான் விட்டேனான்னு ஏசு மேல ஆணையாத் தெரியலக்கா. தலை உள்ள போனதக் கண்ணால பாத்தேன். அப்பறம் மேல வரல."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"புள்ள பேரச் சொல்லுச்சுக்கா. வேற ஒண்ணும் சொல்லல."

நான் அவரிடம், "இத யாருகிட்டயும் சொல்லாதீங்க தம்பி" என்றேன். தன்னைக் காப்பாற்றத்தான் நான் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் என் காலில் விழுந்தார். அது உண்மை இல்லை. இது வெளியே தெரிந்தால் மறுநாளே என் கழுத்தில் இருப்பதைக் கழற்ற வருவார்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வயது எனக்கு. அவரில்லை என்று தெரிந்த பிறகும் எட்டு மாதம் பொட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கரையில் ஏறியிருப்பார் என்று மற்றவர்கள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உன்னிடமும் அதையே வேறு விதமாகச் சொன்னேன். உன்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. நீ நம்பினால், இந்த வீட்டில் நம்புகிற ஒருவராவது மிச்சம் இருப்பார் என்று இருந்தது.

நீ கட்டப்போகும் பெண் நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். அவள் உன் அப்பாவைப் பற்றிக் கேட்பாள். உனக்குத் தெரிந்ததை அப்படியே சொல், என் பங்கையும் சேர்த்துச் சொல், என்னை நல்லவளாக்கிச் சொல்லாதே. அழைப்பிதழை ஞாயிற்றுக்கிழமைவரை அச்சடிக்க வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன், காரணம் கேட்டார், நேரம் தப்பாக இருக்கிறது என்றேன். அந்தச் சொல் இருக்கட்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும் நீ சொல்கிறபடி போடுவோம். ஆனால் தெரியாததால் எடுத்தேன் என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. தெரியும். அப்பா அந்தக் கார்த்திகையிலேயே, படகு போன அன்றைக்கே இறந்துவிட்டார். நீ சுடுகாட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அம்மா